பிரேக்கர் மெஷினில் பத்திரமாக உடைப்பது எப்படி: புதிதாகப் பிடிப்பவருக்கு முழு வழிகாட்டி

காங்கிரீட்டையும் சுவரையும் அடித்து உடைக்கும் கரண்ட் மெஷின் இது. பெட்டியில் டெமாலிஷன் ஹேமர் என்று போட்டிருக்கும். திருநெல்வேலிப் பக்கம் வாடகைக் கடையில் ‘பிரேக்கர்’ என்று கேட்டால் போதும், வயரைச் சுற்றி, இரண்டு உளியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். எப்படிப் பிடிப்பது என்று அவர்களும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. சுவிட்சை அமுக்கினால் அடிக்கும், இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

பழைய வீடுகளைத் திருத்திக் கட்டும் வேலையில் இருக்கிறேன். புதுப் பையன்களிடம் மெஷினைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்ததில், எல்லாரும் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான். பாதித் தப்பு சுவிட்ச் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. உதாரணத்துக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்வோம்: பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு, அதில் அடுக்களை மேடையையும் தரையையும் உடைத்து எடுக்க வேண்டும்.

1. உடைக்கக் கூடாததை முதலில் குறியுங்கள்

ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். உடைக்க வேண்டியதை எல்லாரும் குறிப்பார்கள். உடைக்கக் கூடாததைக் குறிப்பவர் குறைவு. தூண், பீம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே போகும் காங்கிரீட் பட்டை), மேலே தளத்தையோ உத்திரத்தையோ தாங்கும் சுவர், இவை நான்கிலும் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். ஒரு சுவர் தாங்குகிறதா, வெறும் தடுப்பா என்று சந்தேகம் வந்தால் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டாமல் உளி வைக்காதீர்கள். நாலரை அங்குலச் சுவர் என்றால் தடுப்புதான் என்று அடித்துச் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பின்னால் மச்சு எழுப்பியபோது அதன் மேலேயே பீமை ஏற்றி வைத்த வீடுகள் உண்டு.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வளவு வீடுகளிலும் (ஒரே வளாகத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டியவை) அக்கிரகாரத்து வீடுகளிலும் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். மேலே மர உத்திரம் போட்டுச் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிய மட்டப்பா. இங்கே கீழே பிரேக்கர் அடித்தால் அதிர்வு சுண்ணாம்புச் சாந்தின் வழியே மேலே ஏறும். நம் வீட்டில் தரை உடையும்போது அடுத்த வீட்டில் காரை உதிரும். அப்படிப்பட்ட வீட்டில் சுவரை ஒட்டிய ஒரு அடி அகலத்தைச் சுத்தியலும் கை உளியும் கொண்டு உடைத்துப் பிரித்துவிட்டு, மீதிக்கு மட்டும் மெஷினைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது. அவர்கள் அலமாரியில் பீங்கான் இருக்கும்.

அடுத்தது குழாயும் வயரும். சுவிட்ச் பெட்டி எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பைப்புக்குள் வயர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் தொட்டியிலிருந்து எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது, சாக்கடைக் குழாய் பாத்திரம் கழுவும் அங்கணத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். எங்கே எதைப் புதைத்தார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

கேட்டுவிட்டு, வால்வை அடைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் நின்றதா என்றும் பாருங்கள். ஒருமுறை நான் வால்வைத் திருகிவிட்டு அடைந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். துருப்பிடித்து அது பாதிதான் திரும்பியிருந்தது. கால் மணி நேரத்தில் உளி ஜி.ஐ. பைப்பில் இறங்க, மாடித் தொட்டித் தண்ணீர் முழுக்கப் பள்ளத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில்தான் எக்ஸ்டென்ஷன் வயர் கிடந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கேஸ் சிலிண்டரையும் டியூபையும் வெளியே கொண்டுபோய் வையுங்கள். மூடினால் போதும் என்று அங்கேயே விடக் கூடாது. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதில் எக்காரணம் கொண்டும் பிரேக்கர் வைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. அது முழுசாகக் கழற்ற வேண்டிய பொருள்.

2. வேலைக்கு ஏற்ற எடை

பிரேக்கரை அதன் எடையை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். 5, 6 கிலோ மெஷின் சுவருக்கும் டைல்ஸுக்கும் பூச்சுக்கும். 10, 11 கிலோ மெஷின் மேடை, மெல்லிய தரை, திண்ணை. 15 கிலோவும் அதற்கு மேலும் உள்ளது தரைக்கு மட்டும்.

பெரிய மெஷின் சீக்கிரம் முடிக்கும் என்று நினைத்து 16 கிலோவை வாங்கிவந்து அதைச் சுவரில் படுக்கைவாக்கில் பிடிப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தப்பு. தரையில் அடிக்கும்போது அதன் எடை உங்களுக்கு வேலை செய்கிறது. சுவரில் அதே எடையை உங்கள் இடுப்பு சுமக்கிறது. அரை மணி நேரத்தில் கை தளரும். தளர்ந்த கையில் உளி வழுக்கும். நம் வேலைக்கு 10 கிலோ மெஷின் போதும்.

உளி இரண்டு வேண்டும். காங்கிரீட்டைப் பிளக்கக் கூர் உளி. டைல்ஸ், பூச்சு, ஓரம் சீர்செய்யப் பட்டை உளி. பட்டை உளியால் தரையைப் பிளக்கப் பார்த்தால் மெஷின் துள்ளும், தரை சிரிக்கும். கூர் உளியின் முனை சுண்டுவிரல் நுனி மாதிரி மழுங்கியிருந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். மழுங்கிய உளி உடைக்காது, மாவாக அரைக்கும். தூசி கூடும், நேரம் கூடும், நீங்கள் அமுக்கத் தொடங்குவீர்கள்.

3. கரண்ட்: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

1,500 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் ஏறத்தாழ ஆறரை ஆம்பியர் இழுக்கும். 1,700 வாட்ஸ் என்றால் ஏழரைக்குப் பக்கம். மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் சாக்கெட் இதற்குப் பற்றாது. ஏசிக்கோ கிரைண்டருக்கோ போட்ட 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் எடுக்க வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் வயர் குறைந்தது ஒன்றரை சதுர எம்.எம். செம்பு. இருபது மீட்டருக்கு மேல் போனால் இரண்டரை சதுர எம்.எம். மெல்லிய வயரில் நீளம் கூடக்கூட வோல்டேஜ் வழியிலேயே கரைந்துபோகும். மெஷின் சோர்ந்து அடிக்கும். சாயங்காலம் ஏற்கெனவே கரண்ட் இறங்கும் தெருவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அடி சோர்ந்தவுடன் பையன் மெஷின் மேல் சாய்வான். மோட்டாரின் காயிலும் சூடாகும். வேலை நடுவே மெஷின் திடீரென்று சோர்ந்தால் மெஷினைத் திட்டாமல் முதலில் வயரைத் தொட்டுப் பாருங்கள். அது கதகதப்பாக இருக்கும்.

வயர் டிரம்மில் சுற்றி இருந்தால் முழுவதையும் இழுத்து விரித்துவிடுங்கள். பத்தடிதானே வேண்டும் என்று மீதியைச் சுற்றியபடியே விட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் உள்சுற்றின் உறை இளகி ஒட்டிக்கொள்ளும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் இன்னும் இ.எல்.சி.பி. என்பார்கள். மூடியில் ‘T’ என்று எழுதிய சின்னப் பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது அங்கே அழகுக்கு இருக்கிறது. பழைய வீட்டில் ப்யூஸ் கட்டைதான் இருக்கும். அப்படியானால் ஆர்.சி.சி.பி. பொருத்திய ஒரு போர்டை எலெக்ட்ரீசியனிடம் செய்து வாங்கி, வேலைக்கு வேலை கையோடு எடுத்துப் போங்கள். ப்யூஸ் போகிறது என்று கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. அப்படிப் போட்டால் அடுத்து எரிவது சுவருக்குள் இருக்கும் வயர்.

நல்ல மெஷின்களில் பெரும்பாலும் இரட்டை இன்சுலேஷன் இருக்கும். பெயர்ப்பட்டையில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருந்தால் அதுதான் அடையாளம். அதற்கு எர்த் வயர் கிடையாது, வயருக்குள் இரண்டு கம்பிதான். அந்தச் சின்னம் இல்லாத மெஷினுக்கு எர்த் உள்ள மூன்று பின் பிளக் கட்டாயம். எதுவானாலும் பிளக்கை வெட்டிவிட்டு, வயர் நுனியைச் சீவி, சாக்கெட் ஓட்டையில் தீக்குச்சி வைத்துச் சொருகுவதை இன்றோடு விடுங்கள். பிரேக்கர் அதிர்கிற அதிர்ச்சிக்குத் தீக்குச்சி எத்தனை நேரம் நிற்கும்?

வயர் முழுவதையும் கையால் உருவிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு. இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம் ஒன்று கிடைத்தாலும் அந்த மெஷினைத் திருப்பிக் கொடுங்கள். வயர் மெஷினுக்குள் நுழையும் ரப்பர் கழுத்தில்தான் அதிகம் வெடிக்கும்.

4. உடம்புக்கு என்ன வேண்டும்

எங்கள் பக்கம் சாரம் என்றால் லுங்கி. கொத்தனாரிடம் சாரம் என்றால் ஏறி நிற்கக் கட்டும் மரக்கட்டு. பிரேக்கர் வேலைக்கு இரண்டும் ஆகாது. லுங்கியின் நுனி காலுக்கடியில் மாட்டும். மூங்கில் சாரத்தின் மேல் நின்று பிரேக்கர் பிடித்தால் சாரத்தின் கட்டுகள் அதிர்வில் நழுவும். கால்சட்டை போடுங்கள், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் பட்டன் போட்டு இறுக்குங்கள்.

விரல் மேல் இரும்புத் தொப்பி வைத்த ஷூ வேண்டும். ரப்பர் செருப்போடு பத்து கிலோ மெஷினைப் பிடிப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் ஓரம் வழியாகச் சில்லு வரும். காதுக்கு அடைப்பான் அல்லது மஃப். மூடிய அறையில் பிரேக்கரின் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது உலகெங்கும் எச்சரிக்கைக் கோடு. ராத்திரி படுக்கும்போது காதுக்குள் சில்வண்டு கத்தினால் அன்றைக்குக் காது அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மூக்குக்குத் துண்டு கட்டுவது போதாது. கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் துண்டு பிடிக்கும். ஜல்லி, ஆற்று மணல், எம்-சாண்ட் எல்லாவற்றிலும் குவார்ட்ஸ் என்ற படிகக் கல் இருக்கிறது. உடையும்போது பறக்கும் அதன் மிக நுண்ணிய தூள் துண்டின் இழைக்குள் சுலபமாக நுழைந்து நுரையீரலில் தங்கும். சிலிகோசிஸ் என்று பெயர், அதைக் குணமாக்க மருந்து இல்லை. குறைந்தது என்95 மாஸ்க், மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்தி. தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணாடியில் பாருங்கள். மூக்கோரம் வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால் அந்த வழியாகத் தூசி உள்ளே போயிருக்கிறது.

5. இடம்

அடிக்கத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் நிரப்பி உடைக்கும் இடத்தில் பனி மாதிரி தூவுங்கள். தரை ஈரமாகத் தெரிய வேண்டும், தேங்கக் கூடாது. வாளியால் ஊற்றினால் தூசி அடங்கும், ஆனால் நீங்கள் தண்ணீரில் நின்று கரண்ட் மெஷின் பிடிப்பீர்கள். மெஷின் மேல் தண்ணீர் பட விடாதீர்கள்.

ஜன்னல், பின்வாசல் எல்லாம் திறந்திருக்கட்டும். பட்டாசலுக்கு (கூடத்துக்கு) போகும் வாசலில் நனைத்த சேலையையோ சாக்கையோ தொங்கவிட்டால் வீடு முழுக்கத் தூசி பரவாது. நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை நடைபாதை காலியாக இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் திறந்த முற்றத்தில் வேலை என்றால் தூறல் விழுந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கூட ஒரு ஆள் வேண்டும். அவர் வேலை ரப்பீஸ் (உடைந்த கழிவு) அள்ளுவது மட்டும் இல்லை. மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் ஓடும்போது அவர் குனிந்து அள்ளக் கூடாது. இரண்டு பேருக்கும் கைச்சைகை பேசிவையுங்கள். காதை அடைத்தபின் கூப்பாடு கேட்காது.

6. உளி மாட்டும் முறை

பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று மாட்டுவார்கள். ட்ரிக்கரில் (கைப்பிடியில் விரலால் அமுக்கும் சுவிட்சில்) விரல் பட ஒரு நொடி போதும்.

உளியின் அடித்தண்டைத் துணியால் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். தண்டில் ஒட்டிய மண்ணோடு மாட்டினால் சக்கின் (உளியைப் பிடிக்கும் வாயின்) உள்பக்கம் அரம் போட்ட மாதிரி தேயும். அறுகோணத் தண்டு உள்ள பெரிய உளியில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். அந்த வெட்டு, உளியைப் பூட்டும் பின் இருக்கும் பக்கம் பார்த்து உள்ளே போக வேண்டும். மாட்டியபின் உளியைப் பிடித்து வெளியே வேகமாக இழுங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும், அது சரி. வெளியே வரக் கூடாது. இந்த ஒரு இழுப்பை விட்டதால் உளி சக்கிலிருந்து கழன்று அறையின் மறுகோடிக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

7. நிற்பதும் பிடிப்பதும்

கால்கள் தோள் அகலம், ஒன்று அரை அடி முன்னால். உளி முனை காலிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். விறைத்த கையில் அதிர்வு அப்படியே தோளுக்கு ஏறும். பக்கக் கைப்பிடியை இறுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பாதி வேலையில் கழன்று சுற்றினால் மணிக்கட்டு திருகும்.

வயர் உங்கள் தோள் வழியாகவோ முதுகுப் பக்கமாகவோ போகட்டும். முன்னால் கிடந்தால் என்றைக்காவது ஒருநாள் உளி அதைத் தேடிப் போகும்.

ட்ரிக்கர் லாக் இருக்கும் மெஷின் என்றால் புதிதாகப் பிடிப்பவர் அதைத் தொட வேண்டாம். விரல் வலிக்கும், பரவாயில்லை. கை நழுவினால் மெஷின் தானாக நிற்க வேண்டும்.

தூக்கும்போது குனியாமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி வைப்பீர்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்த வேலையில் முதுகு போவது உடைப்பதால் இல்லை என்று தெரியும்.

8. ஓரத்திலிருந்து உடையுங்கள்

இதுதான் வேலையின் உயிர். புதிதாக வருகிறவர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அறையின் நடுவில் உளியை வைத்து அமுக்குவார்கள். உளி ஆணி மாதிரி இறங்கும். சுற்றிலும் காங்கிரீட் இறுக்கிப் பிடித்திருப்பதால் உடைந்த துண்டு போக இடம் கிடையாது. அரை அடி ஆழம் போய் மாட்டிக்கொள்ளும்.

உடையும் துண்டு விலகிப் போக ஒரு வெற்றிடம் வேண்டும். மேடை என்றால் அதன் திறந்த விளிம்பு. தரை என்றால் வாசல்படி ஓரம் அல்லது நாமே முதலில் தோண்டும் ஒரு குழி. குழி என்றால் ஒரு அடிக்கு ஒரு அடி. அதைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி அடித்து அடிமண் தெரிகிற வரை எடுத்துவிடுங்கள். அதற்கு ஆகும் நேரம் வீண் போல இருக்கும். அதன்பின் எல்லாம் அந்தக் குழியை நோக்கி உடையும்.

மேடையில் முதலில் மேலே உள்ள கடப்பாக் கல்லையோ கிரானைட்டையோ கடப்பாரை கொடுத்து முழுசாக எழுப்பி எடுத்துவிடுங்கள். அப்புறம் விளிம்பிலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளிக் கூர் உளியைச் செங்குத்தாக வையுங்கள். ட்ரிக்கரை அமுக்கும் முன் முனை காங்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். காற்றில் ஓடவிட்டு இறக்கினால் முனை வழுக்கி ஓடும்.

அடி தொடங்கியதும் முதல் ஓரிரு நொடிகள் முனை தனக்கு ஒரு பள்ளம் பறிக்கும். அது பறிந்ததும் மெஷினை உங்கள் பக்கம் இம்மியளவு சாயுங்கள், முனை விளிம்பை நோக்கித் தள்ளுகிற மாதிரி. இப்போது உற்றுப் பாருங்கள். உளியிலிருந்து விளிம்பு வரை தலைமயிர் தடிமனில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டிலிருந்து தூசி மெல்லத் துள்ளும். சத்தமும் மாறும்: கணீரென்று இருந்தது சொத்தென்று இறங்கும். அந்த நொடியில் விரலை எடுங்கள். துண்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அடித்தால் உளி இடைவெளியில் சரேலென்று இறங்கும், கூடவே நீங்களும்.

பத்து நொடி அடித்தும் கோடு வரவில்லை என்றால் அங்கேயே நிற்காதீர்கள். இரண்டு விரல் விளிம்பு பக்கம் நகர்த்தி வையுங்கள். பேராசைப்பட்டு அகலமாக எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, இது உடைய மாட்டேங்கு” என்று ஒரு பையன் முழு உடம்பையும் மெஷின் மேல் போட்டுக்கொண்டு சொன்னான். “ஏலே, அது மேல படுக்காத, எந்திரி” என்றேன். எழுந்து, சாயாமல் கையால் மட்டும் பிடித்தான். உடைந்தது. அடிப்பது உள்ளே இருக்கும் சுத்தியல். நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் அதுவே போடும். நீங்கள் அமுக்கினால் அந்தச் சுத்தியல் வீசி அடிக்க இடம் குறைகிறது, அதிர்வு முழுக்க உங்கள் கைக்கு வருகிறது. உளி துள்ளாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

தரையில் இன்னொரு கவனம். பழைய வீட்டில் டைல்ஸுக்குக் கீழே சாந்து, அதற்குக் கீழே செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் காங்கிரீட், அதற்கும் கீழே வெறும் மணல் நிரப்பு. உளி செங்கல் ஜல்லியைத் தாண்டியதும் மணலில் ஒரே இறக்காக இறங்கும். அதனால் தரையில் எப்போதும் மெஷினின் எடையில் கொஞ்சத்தைக் கையில் தாங்கியபடி அடியுங்கள்.

டைல்ஸை மட்டும் எடுக்கப் பட்டை உளியை ஏறக்குறையப் படுக்கவைத்து, டைலுக்கும் சாந்துக்கும் நடுவே நுழையுங்கள். டைல்ஸ் சில்லு சவரக்கத்தி மாதிரி. கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

9. உளி மாட்டிக்கொண்டால்

மெஷினையே நெம்புகோலாக வைத்து ஆட்டாதீர்கள். சக்கு விரியும், அல்லது உளி கழுத்தில் முறியும். பிளக்கைப் பிடுங்கி, உளியை மட்டும் விட்டுவிட்டு மெஷினைக் கழற்றுங்கள். இரண்டாவது உளியை மாட்டி, சிக்கிக் கிடக்கும் உளிக்கு நாலு விரல் தள்ளி, விளிம்புப் பக்கமாக உடையுங்கள். காங்கிரீட் விட்டுக்கொடுத்ததும் முதல் உளி கையோடு வரும். இரண்டு உளி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முனையைத் தொடும்போது கையுறை வேண்டும். நல்ல சூடாக இருக்கும். சூட்டை ஆற்றுகிறேன் என்று தண்ணீரில் முக்காதீர்கள், முனையின் தோய்ச்சல் (இரும்புக்கு ஏற்றிய பதம்) கெட்டு அடுத்த அடியில் தெறிக்கும்.

10. கம்பி வந்தால்

உளி கம்பியில் பட்டால் கையில் ஒரு உதறல் தெரியும், பொறி பறக்கும். அங்கே அடிக்காதீர்கள். கம்பி உடையாது, உளியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கம்பியின் இரண்டு பக்கமும் காங்கிரீட்டை எடுத்து அதை வெளியே தெரிய வைத்து, மெஷினை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, கட்டிங் மெஷினால் அறுங்கள். அறுத்த நுனியை மடக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி கணுக்காலைத்தான் பதம் பார்க்கும். எதிர்பாராத இடத்தில் தடித்த கம்பி நெருக்கமாக வந்தால் நிறுத்துங்கள். நீங்கள் தரை என்று நினைப்பது தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமாக இருக்கலாம்.

11. சுவரும் மேல்தளமும்

தடுப்புச் சுவரை மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும், வரிசை வரிசையாக. கீழே அடித்தால் மொத்தமாக விழும், வேலை சுலபம் என்று யாராவது சொன்னால் அவர் தூரத்தில் நின்று சொல்கிறவர். விழும் சுவர் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று நம்மிடம் கேட்காது. சின்ன மெஷினை மட்டும் வைத்து, நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாமல், ஆடாத மேடை மேல் நின்று உடையுங்கள். ஏணி மேல் நின்று ஒருபோதும் வேண்டாம், ஏணியில் ஒரு கை எப்போதும் ஏணிக்கு வேண்டும்.

மேல்தளத்தையோ சன்ஷேடையோ உடைப்பது புதியவர் வேலை இல்லை. கீழே முட்டு கொடுத்து, கீழறையைப் பூட்டி, தாங்கும் பக்கம் நின்று, திறந்த விளிம்பிலிருந்து நம்மை நோக்கி எடுத்துவர வேண்டும். உடைக்கும் துண்டின் மேலேயே நின்றுகொண்டு உடைத்தவர் கதை எல்லாருக்கும் தெரியும். அனுபவப்பட்ட ஆளை வைத்துச் செய்யுங்கள்.

12. எவ்வளவு நேரம் அடிக்கலாம்

அதிர்வு கையின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும், பிறகு குளிரில் வெளுக்கும், அப்புறம் பட்டன் போட வராது. ஐரோப்பாவில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேர வேலைக்கு 2.5 என்ற அளவைத் தொட்டால் நடவடிக்கை, 5 தாண்டினால் நிறுத்தம். அலகு, நொடியின் வர்க்கத்துக்கு மீட்டர். மெஷின் புத்தகத்தில் அதிர்வு 10 என்று போட்டிருந்தால், அரை மணி நேரத்தில் முதல் கோடு, இரண்டு மணி நேரத்தில் கடைசிக் கோடு. 15 என்று போட்டிருந்தால் 13 நிமிடமும் 53 நிமிடமும்தான். விரல் அமுக்கியிருக்கும் நேரம் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும்.

நாங்கள் செய்வது இது: பத்து நிமிடம் ஒருவர், அடுத்த பத்து நிமிடம் அடுத்தவர். மாற்றும் இடைவெளியில் ரப்பீஸ் அள்ளிவிடுவோம், மெஷினும் ஆறும். சித்திரை வெயிலில் அறைக்குள் காற்றே இருக்காது, காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு மெஷினை வைத்துவிடுவது உத்தமம். மோர், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், மூடி போட்டு.

விரல் மரத்துப்போய் அரை மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அன்றைக்கு அவர் மெஷினைத் தொட வேண்டாம். கரண்ட் அடித்தால் ஆளைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்து ஒன்றுமில்லை என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இதயத் துடிப்பை இசிஜியில் பார்க்க வேண்டும்.

13. வைக்கும்போது

பிளக்கைப் பிடுங்கி, உளியைக் கழற்றி, காற்றுப் போகும் துளைகளில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். துளைக்குள் நீலமாகப் பொறி அதிகம் தெரிந்தாலோ, மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. வாடகை மெஷின் என்றால் கடையில் அதைச் சொல்லிக் கொடுங்கள், அடுத்து எடுப்பவருக்கு உதவும். தூசிச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள், தனியாக நனைத்துத் துவையுங்கள்.

ரப்பீஸைக் கையுறையோடு அள்ளுங்கள். பழைய தரைக்கடியில் தேள் இருப்பது சாதாரணம். முக்கால் சாக்குக்கு மேல் கட்டாதீர்கள், தூக்குகிறவருக்கும் முதுகு இருக்கிறது. இருட்டியபின் பாளையங்கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டு வரலாம் என்று டிராக்டர்காரர் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். செங்கல் ஜல்லியும் காங்கிரீட் கட்டியும் பள்ளமான மனைக்கு நிரப்பாக ஆகும், அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள். டைல்ஸ் சில்லை மட்டும் தனியாகப் பிரித்துக் கட்டுங்கள்.